மென்மின்னோட்டமும் மூளையின் நரம்புக்கலங்களும்
(ஒரு வரலாற்று நோக்கு)

பெரகலச் சந்திக்கு மேலே உயர்ந்து நிற்கும் அப்புத்தளை மலைத்தொடர் ஊவா நாட்டின் நீர்பிரி மேடுகளுள் ஒன்றாகும். அதன் வடபுறத்தில் வீழும் மழை உமா ஓயா, பதுளு ஓயா ஆகியவற்றின் வழியே மகாவலியைச் சேர்கின்றது. தென்புறத்தில் வீழ்வது வளவை கங்கையையோ கிரிந்தி ஓயாவையோ நாடிச் செல்கின்றது. மேட்டின் உச்சியில் இறங்கும் மழைத்துளி எப்பக்கம் சாய்வது என்பதை மெல்லிய காற்றொன்றே முடிவு செய்துவிடும். ஆனால், உச்சியினின்றும் நெடுந்தூரம் விலகி வீழும் துளியை அதே காற்று மறுபுறம் கொண்டு சேர்க்க மாட்டாது. சிறிய விசை எங்கே வெல்லும், எங்கே தோற்கும் என்பதற்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு.

தலையின் மேற்றோலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் உள்ளே மூளையின் நரம்புக்கலங்களுக்கு யாது நிகழும் என்னும் வினாவிற்கு, அறிவியலார் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிக் கண்ட விடையும் இவ்வுண்மையை ஒத்ததே. அவ்விடை ஒரே நாளில் கிட்டியதன்று. வியப்பும், மிகைநம்பிக்கையும், மறதியும், கடுமையான ஐயமும் மாறி மாறி வந்த நெடுவழியிலே அது கிட்டிற்று. அவ்வழியைச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மின்சாரத்தால் மனநோய்க்குச் சிகிச்சை என்றதும், மக்கள் வழக்கிற் ‘கரண்டு வைத்தல்’ எனப்படும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையே பலருக்கும் நினைவில் எழும். 1938ஆம் ஆண்டு உரோம் நகரில் செர்லெற்றி, பினி என்னும் இருவர் தொடங்கிய முறை அது. வலிப்பை வேண்டுமென்றே உண்டாக்குவது அதன் வழி. அதற்குச் செலுத்தும் மின்னோட்டம் ஏறத்தாழ 800 மில்லியம்பியர். ஈண்டுப் பேசப்படும் மென்மின்னோட்டமோ 1 அல்லது 2 மில்லியம்பியர் அளவினது. அதனைப் பெறுபவர் விழித்திருப்பார், பேசுவார்; தோலிற் சிறிது தினவு தோன்றுவதன்றி வேறொன்றும் உணரார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவதும், ஒன்றன் பயனை மற்றொன்றின் மேல் ஏற்றிக் கூறுவதும் தவறாகும்.

கடல்மீனும் தவளைக்காலும்

மின்சாரம் என்னும் பெயரே தோன்றாத காலத்தில் மின்சிகிச்சை தோன்றிவிட்டது. கிளோடியசு பேரரசன் காலத்தில், கி.பி. முதலாம் நூற்றாண்டில், உரோமாபுரியில் வாழ்ந்த இசுகிரிபோனியசு லார்கசு என்னும் வைத்தியர், தீராத் தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலியுள்ள இடத்தில் வைக்குமாறு எழுதிவைத்தார். மீனின் அதிர்ச்சியால் அவ்விடம் மரத்துப்போக, வலி தணிந்தது. ஏன் தணிந்தது என்று அவர் அறிந்திலர்.

காரணத்தை நாடிய வழி இத்தாலியிற் பிறந்தது. போலோஞா நகரத்துப் பேராசிரியர் கல்வானி, இறந்த தவளையின் கால் மின்தொடர்பு பட்டதும் துடிப்பதைக் கண்டு, பல்லாண்டு ஆராய்ந்து 1791இல் தம் முடிபை வெளியிட்டார். உயிர்களின் உடலிலேயே மின்சாரம் உண்டு என்பது அவர் கொள்கை. பாவியா நகரத்து வோல்ற்றா அதனை மறுத்து, இருவேறு உலோகங்களின் சேர்க்கையே மின்சாரத்திற்குக் காரணம் என்றார். அதனை நிறுவ முயன்றபோது 1800இல் மின்கலவடுக்கை ஆக்கினார். இருவரிடத்தும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது. வோல்ற்றாவின் கருவியால் மின்னோட்டம் முதன்முதலாக இடையறாது கிடைத்தது. கல்வானியின் கொள்கையால் அதனை உடலின் மீது செலுத்திப் பார்க்கும் எண்ணம் வளர்ந்தது.

கல்வானியின் மருமகனாகிய அல்தினி இவ்விரண்டையும் இணைத்தார். முதலில் தம் தலையிலேயே மின்னோட்டத்தைச் செலுத்திச் சோதித்த அவருக்குப் பல நாள் உறக்கம் வரவில்லை. 1801இல், ஆழ்ந்த மனச்சோர்வுற்றிருந்த இளம் உழவன் ஒருவனுக்கு மின்கலவடுக்கால் சிகிச்சை அளித்தார். அவன் படிப்படியாகத் தேறியதாக 1804இல் வெளிவந்த தம் நூலிற் குறித்தார். ஒரே நோயாளியின் தேற்றம் சான்றாகுமா என்னும் வினா அன்றே எழுந்திருக்க வேண்டும். ஆனால், அக்காலத்தில் அல்தினியின் பெயரைப் பரப்பியது வேறொன்று. 1803இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளியின் உடலை மின்னோட்டத்தால் அசையச் செய்து அவர் காட்டிய காட்சியே அது. அறிவு வேண்டி நிற்கும் இடத்தில் வியப்பு வந்து அமர்ந்துகொண்டமைக்கு அஃதொரு முதற்சான்று எனலாம்.

மூளை பேசும் மொழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உண்மை துலங்கலாயிற்று. 1870இல் பேர்லினில் பிரிட்சு, இற்சிக்கு என்னும் இருவர் நாயின் மூளைமேற்பட்டையில் மின்னோட்டம் செலுத்தி, குறித்த இடத்தைத் தூண்டினால் குறித்த தசை அசைவதைக் காட்டினர். 1875இல் இலிவர்ப்பூலைச் சேர்ந்த கேற்றன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையினின்றே மின்னலைவுகள் எழுவதைக் கண்டார். யேனா நகரத்து மனநோய் வைத்தியர் பேர்கர் 1924இல் மனிதர் தலையினின்று அவ்வலைகளைப் பதிவு செய்து, ஐந்தாண்டு தாமே ஐயுற்று ஆராய்ந்த பின்னர் 1929இல் வெளியிட்டார். மூளை மின்சாரத்திற்கு அசைவது மட்டுமன்று, மின்சாரத்தாலேயே தொழில் செய்வதும் ஆகும் என்பது தெளிவாயிற்று.

நரம்புக்கலம் ஒன்றின் உட்புறம், ஓய்வு நிலையில், வெளிப்புறத்தினும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிரேற்றம் உடையது. பிற கலங்களினின்று வரும் செய்திகளால் அவ்வேறுபாடு 55 மில்லிவோல்ற்று அளவிற்குக் குறையுமாயின், கலத்தின் மென்சவ்வு திடீரெனத் திறந்து, ஒரு மின்துடிப்பு நரம்பிழை வழியே ஓடும். அவ்வெல்லையை எட்டாவிடின் துடிப்பு இல்லை. அரைத்துடிப்பு என்பது ஒருபோதும் இல்லை. இத்துடிப்பின் பொறிமுறையை ஒட்சிக்கின், அட்சிலி ஆகிய ஆங்கில அறிஞர் 1952இல் விளக்கி, 1963இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆகவே, ஓய்ந்திருக்கும் கலத்தை எழுப்ப ஏறத்தாழ 15 மில்லிவோல்ற்று வேண்டும். தலையின் மீது செலுத்தும் 2 மில்லியம்பியர் மின்னோட்டம் மூளையினுள் உண்டாக்கும் மின்புலமோ மீட்டருக்கு 1 வோல்ற்றிற்கும் குறைவானது. அத்தகைய புலம் கலத்தின் மென்சவ்வில் ஒரு மில்லிவோல்ற்றின் சிறு பின்னத்தையே மாற்றவல்லது. பதினைந்து படி ஏற வேண்டிய இடத்தில் ஒரு படியிற் கால்வாசியும் ஏற்றமாட்டாத விசையால் ஆவது யாது? இதுவே இத்துறையின் மையமான புதிர்.

1956: புதிர் அவிழ்ந்த ஆண்டு

விடைக்கு முதல் வழி காட்டியவர் கலிபோர்னியாவில் ஆராய்ந்த தெர்சுவோலோ, புல்லொக்கு ஆகிய இருவர். அவர்கள் எடுத்துக்கொண்டவை மூளையுமல்ல. நன்னீர் இறாலினத்தின் தசையுணர் நரம்புக்கலமும் கடற் சிங்கியிறாலின் இதய நரம்புத்திரளுமாகும். எளிய உயிர்களிடத்து வினாவைத் தெளிவாகக் கேட்கலாம் என்பது அவர் துணிபு. 1956இல் அவர்கள் வெளியிட்ட முடிபு இரு பகுதியுடையது. உறங்கிக் கிடக்கும் கலத்தைப் புதிதாகத் துடிக்கச் செய்ய வலிய மின்புலம் வேண்டும். ஏற்கெனவே தானே துடித்துக்கொண்டிருக்கும் கலத்தின் துடிப்பு விரைவை ஏற்றவோ இறக்கவோ அதனினும் பன்மடங்கு மெலிந்த புலமே போதும். மீட்டருக்கு 1 வோல்ற்று அளவினும் குறைந்த புலங்கூட விளைவு காட்டிற்று.

உயிருள்ள மூளையில் எந்தக் கலமும் முற்றாக உறங்குவதில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புக்களினின்று இடையறாது செய்திகள் வந்து மோத, அதன் அழுத்தம் எல்லைக்கு அருகிலேயே ஏறியும் இறங்கியும் நிற்கின்றது. நீர்பிரி மேட்டின் உச்சியில் இறங்கும் துளிகள் எப்போதும் சில உண்டு. அவற்றையே மென்காற்றுச் சாய்க்கின்றது. மென்மின்னோட்டம் கலத்திற்குக் கட்டளை இடுவதில்லை. கலம் தானே செய்யவிருந்த ஒன்றைச் சற்று முந்தச் செய்கின்றது, அல்லது பிந்தச் செய்கின்றது. இவ்வொரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பின்வந்த வரலாறு முழுவதும் விளங்கும்.

1962இல் ஜேர்மனியிற் குரொய்ட்சுபெல்டும் அவர் துணைவரும் பூனையின் மூளைமேற்பட்டையில் இதனைக் கண்டனர். மேற்பரப்பில் நேர்முனை வைத்தபோது பல கலங்கள் விரைந்து துடித்தன; எதிர்முனை வைத்தபோது அடங்கின. எனினும், ஆழத்தும் மடிப்புக்களிலும் உள்ள கலங்கள் சில இதற்கு மாறாக நடந்தன. கலம் எத்திசை நோக்கிக் கிடக்கின்றதோ அதற்கேற்பவே விளைவும் அமையும் என்பது அதனாற் பெறப்பட்டது. நேர்முனை எழுப்பும், எதிர்முனை அடக்கும் என்று ஒரே சொல்லில் விதி வகுப்போர் இக்கண்டுபிடிப்பை மறத்தலாகாது.

அதே காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பின்மன், இலிப்பொல்டு, இரெட்பேண் என்னும் மூவர் எலிகளை ஆராய்ந்தனர். ஐந்து முதற் பத்து நிமிடம் வரை மின்னோட்டம் செலுத்தி நிறுத்திய பின்னரும், கலங்களின் துடிப்பு மாற்றம் ஐந்து மணி நேரம் வரை நீடித்ததை 1962இலும் 1964இலும் அறிவித்தனர். காற்று நின்ற பின்னும் மரம் சாய்ந்தே நிற்றல் போன்றது இது. மின்னோட்டம் கலத்தை அப்போதைக்குச் சாய்ப்பதோடு அமையாது, கலங்களுக்கிடையேயுள்ள இணைப்புக்களையும் மாற்றுகின்றது என்னும் கருத்திற்கு இஃது அடிகோலிற்று.

மறதியும் மீட்சியும்

இலிப்பொல்டும் இரெட்பேணும் 1964இல் மனிதரிடத்தும் இதனைச் சோதித்தனர். தலையின் மீது நேர்முனை வைத்தோர் மலர்ச்சியுற்றனர் என்றும், எதிர்முனை வைத்தோர் அடங்கி ஒதுங்கினர் என்றும் எழுதினர். மனச்சோர்வு நோய்க்கு மருந்து கிட்டிற்றென்று பலர் மகிழ்ந்தனர். ஆயின், 1970 அளவில் வேறு ஆய்வாளர் செய்த சோதனையில் அப்பயன் திரும்பத் தோன்றவில்லை. அதற்குள் மனநோய்க்கு உரிய மாத்திரைகள் வைத்தியசாலைகளை நிறைத்துவிட்டன. ஒருபுறம் மருந்தும் மறுபுறம் மின்னதிர்ச்சியும் நிற்க, நடுவே மென்மின்னோட்டம் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

மீட்சி வருவதற்கு முப்பது ஆண்டு சென்றது. 1998இல் இத்தாலியிற் பிரியோரியும் துணைவரும், 2000இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலுசு ஆகியோரும் பழைய வினாவைப் புதிய அளவுகோலோடு எழுப்பினர். தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளின் துடிப்பாற் கையின் தசையை அசையச் செய்து, அவ்வசைவின் அளவைக்கொண்டு மூளையின் எழுச்சியை அளக்கும் முறை அப்போது கைவந்திருந்தது. 1 மில்லியம்பியர் மின்னோட்டம் செலுத்திய பின்னர், நேர்முனையால் அவ்வளவு கூடியதையும் எதிர்முனையாற் குறைந்ததையும், மாற்றம் 40 சதவீதம் வரை சென்றதையும் கோட்டிங்கன் ஆய்வாளர் காட்டினர். பதின்மூன்று நிமிடம் செலுத்தினால் விளைவு 90 நிமிடம் வரை நிற்பதை 2001இல் அறிவித்தனர். கற்றலுக்கு இன்றியமையாத குளூட்டமேற்று வாங்கிகளை மருந்தால் அடைத்தபோது அப்பின்விளைவு மறைந்ததையும் பின்னர்க் கண்டனர். இலண்டன் எலிகள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர்ச் சொன்னதை மனிதர் கைத்தசையும் சொல்லிற்று.

ஐயமும் அளவையும்

பின்வந்த பத்தாண்டில் ஆய்வுகள் வெள்ளமெனப் பெருகின. நினைவு கூடும், கணக்கு எளிதாகும், விளையாட்டில் வெற்றி கிட்டும் என்றெல்லாம் செய்திகள் பரவின. ஒன்பது வோல்ற்று மின்கலத்தைக் கொண்டு வீட்டிலேயே கருவி செய்து தலையில் வைத்துக்கொள்வோரும் தோன்றினர். அவ்வேளையிலேதான் மூளையினுள் உண்மையில் எவ்வளவு மின்சாரம் சென்றடைகின்றது என்னும் எளிய வினாவைச் சிலர் கேட்டனர்.

அங்கேரியைச் சேர்ந்த வோரொசுலாக்கொசு, நியூயோர்க்கில் ஆராயும் புசாக்கி முதலியோர் எலிகளிடத்தும் இறந்த மனிதர் உடல்களிடத்தும் அளந்து 2018இல் தம் முடிபை வெளியிட்டனர். மின்னோட்டத்தின் நான்கில் மூன்று பங்கு தோலிலும் தலையோட்டிலுமே சிதறிப்போகின்றது. மூளையலைகளை உடனே மாற்ற வேண்டுமாயின் வழக்கமான அளவினும் மிகையான மின்னோட்டம் வேண்டும் என்றனர். 2019இல் பெல்சியத்தின் இலூவன் பல்கலைக்கழகத்தார் மற்றொரு குறையைச் சுட்டினர். தலையின் தோலில் உள்ள நரம்புகளே மின்னோட்டத்தால் தூண்டப்பட்டு, அத்தினவின் வாயிலாக மூளையின் தாளம் மாறக்கூடும் என்பதை அவர்கள் காட்டினர். அங்ஙனமாயின், மூளையை மின்சாரம் தொட்டது என்று கொண்டதெல்லாம் தோலைத் தொட்டதன் எதிரொலியாகவும் இருக்கலாமன்றோ?

இவ்வையத்தைத் தீர்க்கத் தனித்தனிக் கலங்களின் துடிப்பையே செவிமடுத்தல் வேண்டும். கனடாவின் மொன்றியல் நகரிற் கிரவுசு, வியேரா, பாக்கு ஆகியோர் விழித்திருக்கும் குரங்குகளின் மூளையில் நுண்ணிய மின்வாய்களைப் பொருத்தி அதனைச் செய்தனர். மனிதர்க்குப் பயன்படுத்தும் அளவினதாகிய அலைமின்னோட்டமே மூளையின் ஆழத்திலுள்ள கலங்களின் துடிப்பு நேரத்தை மாற்றுவதை 2019இற் காட்டினர். தோலை மரக்கச் செய்த பின்னரும் அவ்விளைவு மறையவில்லை என்பதை 2020இல் நிறுவினர். மூளையின் கலங்களை மென்மின்னோட்டம் நேரே தொடுகின்றது என்பது அதனால் உறுதியாயிற்று.

தாளத்தின் பாடம்

மொன்றியல் ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட முடிபே இவ்வரலாற்றின் மிக நுட்பமான பகுதியாகும். மலையகத் தோட்டங்களில் முற்காலத்தே விடியற்பொழுதிற் பெரட்டுக்கு அழைக்கத் தப்படித்தனர். தப்பின் ஒலி எவர் காலையும் தூக்கி வைப்பதில்லை. நடக்கப் புறப்பட்டவரின் நடைக்கு நேரம் வகுக்கின்றது. அலைமின்னோட்டமும் கலங்களுக்குத் தப்பொலி போன்றதே என்று பலர் எண்ணியிருந்தனர். ஆயின், நடப்பவர் ஏற்கெனவே வேறொரு தாளத்தில் இறுகியிருந்தால் யாது நிகழும்?

மூளையின் கலங்கள் பல தமக்கென ஒரு தாளத்தோடு இணைந்தே துடிக்கின்றன. அத்தகைய கலத்தின் மீது வெளித்தாளம் மெல்லப் பட்டபோது, அது புதுத்தாளத்திற்கு மாறவில்லை. தன் பழைய தாளத்தையே சிறிது இழந்தது. தாளம் தளர்ந்திருந்த கலங்களே வெளித்தாளத்தை எளிதில் ஏற்றன. மின்புலத்தை மேலும் கூட்டியபோது, தாளம் இழந்த கலங்களும் மெல்ல மெல்லப் புதியதன்வழி வந்தன. தப்பிசைக் குழு ஒன்று தன் அடியிற் செவ்வனே ஒன்றியிருக்கையில், அருகே மற்றொருவர் வேறு நேரத்தில் மெல்லத் தட்டினால் முதலில் அடி குலையும். அவர் ஒலி வலுத்தாலன்றிக் குழு அவர்வழிச் செல்லாது. ஆகவே, ஒரே மின்னோட்டம் ஒருவர் மூளையிற் கூட்டவும் மற்றொருவர் மூளையிற் குறைக்கவும் கூடும்; ஒருவரிடத்தே ஒருபொழுது கூட்டி மறுபொழுது குறைக்கவும் கூடும். முன்னைய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரணியமைக்கு இது தக்கதொரு காரணமாகும்.

நோயாளியின் பக்கல்

இவையெல்லாம் ஆய்வுகூடத்துச் செய்திகள் மட்டுமல்ல. மனச்சிதைவு நோயுற்றோர் சிலருக்கு, எவரும் பேசாதிருக்கையிலும் காதில் ஏசும் குரல்கள் கேட்கும். மருந்துண்டும் அக்குரல்கள் ஓயாதோர் பலர். 2012இல் பிரான்சின் லியோன் நகரத்தார், அத்தகைய 30 நோயாளரிடத்து 2 மில்லியம்பியர் மின்னோட்டத்தை நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு 20 நிமிடமாக, ஐந்து நாள் செலுத்திக் குரல்கள் தணிந்ததைக் கண்டனர்.

அம்முறையை நம் அயலில் எடுத்தாண்டது பெங்களூரின் தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞான நிறுவகம். 1954இல் அகில இந்திய மனநல நிறுவகமாகத் தொடங்கி, 1974இல் இன்றைய வடிவம் பெற்ற அந்நிறுவகத்திற் பேராசிரியர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் தலைமையிலான குழுவினர், மருந்துக்குக் கட்டுப்படாக் குரல்களையுடைய 25 நோயாளரை ஆராய்ந்து 2018இல் முடிபை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு மெய்யான மின்னோட்டமும், மறுசாராருக்குத் தொடக்கத்திற் சிறிது தினவெழுப்பி நிறுத்திவிடும் போலி மின்னோட்டமும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பதை நோயாளரும் அறியார், அளந்தோரும் அறியார். மெய்யானதைப் பெற்றோரிடத்தே குரல்கள் மிகுதியாகத் தணிந்தன. அல்தினியின் ஒற்றை உழவனிலிருந்து இவ்வளவைக்கு வந்து சேர இருநூறு ஆண்டு ஆயிற்று.

மனச்சோர்வு நோயிலோ முடிபுகள் கலந்தே நிற்கின்றன. 2017இற் பிரேசிலில் 245 நோயாளரிடத்து நடந்த ஆய்வில் மென்மின்னோட்டம் போலியினும் நன்று எனினும், வழக்கமான மாத்திரைக்கு நிகரென நிறுவப்படவில்லை. 2023இல் ஜேர்மனியில் மாத்திரையோடு சேர்த்து அளித்த ஆய்வில் அது போலியை விஞ்சவில்லை. 2024இற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும், வைத்தியர் மேற்பார்வையில் வீட்டிலிருந்தே பெற்றோரிடத்துப் பயன் கண்டதாக முடிபு வந்தது. கலத்தின் நிலைக்கேற்ப விளைவு மாறும் என்பதை அறிந்தோர்க்கு இம்முரண் வியப்பன்று.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. மெலிந்தது என்பதால் ஒன்று பயனற்றதாகாது. எல்லையருகே நிற்கும் கலத்தை மெல்லிய மின்புலமும் சாய்க்க வல்லது. அதே காரணத்தால், அம்மின்புலம் எல்லார்க்கும் எப்பொழுதும் ஒரே பயன் தரும் என்று உறுதி கூறுவோர் உண்மை கூறுபவராகார். மனநோய் என்றால் மறைத்து வைப்பதும், பேயென்றும் வினையென்றும் சொல்லி ஆண்டுகளைக் கழிப்பதும் நம் ஊர்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. அவ்வழக்கத்தினின்று விடுபட்டு வைத்தியசாலையை நாடும் குடும்பத்தார், வழியிலே ‘மூளையைத் திருத்தும் கருவி’ என்று விலை கூறுவோரிடத்துச் சிக்குதலும் ஆகாது. மருந்தை நிறுத்திவிட்டுக் கருவியை நாடுதல் கேடாய் முடியும். தேர்ந்த மனநல வைத்தியர் மருந்தோடு சேர்த்து இதனை அளிக்க முன்வந்தால் அஞ்சி ஓடுதலும் வேண்டா.

மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வியப்பை வளர்த்தவர்களின் காட்சிகள் மறைந்தன; இறாலின் ஒற்றை நரம்புக்கலத்தைப் பொறுமையோடு அளந்தவர்களின் முடிபோ அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர்க் குரங்கின் மூளையிலும் மெய்யாயிற்று. நோயுற்றோர்க்கு இறுதியிற் பயன்படுவது அத்தகைய பொறுமையே.